ஊதா வட்டம்

நூலகத்துக்குள் வரும் எந்தத் தாளுக்கும் முதல் மரியாதை முத்திரைதான். தலைப்புப் பக்கத்தில் ஒன்று, கடைசிப் பக்கத்தில் ஒன்று, நூலக ஆட்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியப் பக்கத்தில் ஒன்று. வருஷக்கணக்காக இப்படிக் குத்திப் பழகிய கையோடுதான் முதல் ஸீனையும் வாங்கினேன். ஸீன் என்றால் ஒருவர் தானே எழுதி, நகலெடுத்து, கைக்குக் கை கொடுக்கும் சின்ன இதழ்.

அது ஒரே ஒரு ஏ4 தாள். மூன்று மடிப்பு, நடுவில் ஒரு வெட்டு. எட்டுப் பக்கம் வந்துவிடுகிறது. ஒரு பக்கம் ஏறக்குறைய 74க்கு 105 மில்லிமீட்டர், சட்டைப்பையில் அடங்கும். விடுதியில் தூக்கம் வராத இரவுகளைப் பற்றி இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுதி, வரைந்து, ஜெராக்ஸ் எடுத்து இருபது பிரதி போட்டிருந்தாள். பெயர் போட வேண்டிய இடத்தில் 'ஆந்தை' என்று மட்டும் இருந்தது. வழக்கம்போல ஊதா மையில் ஒரு குத்து குத்தினேன். அவள் வரைந்திருந்த ஜன்னலின் மேலேயே விழுந்தது. நிலா இருந்த இடத்தில் இப்போது கல்லூரியின் பெயர், வட்டமாக. "பரவால்ல மேடம், வேற காப்பி இருக்கு" என்று சிரித்துவிட்டுப் போனாள். எனக்குத்தான் அன்றைக்கு முழுக்க வேலை ஓடவில்லை.

ஸீன் என்ற பெயரே ஒரு தொல்லை. மேகஸின் என்பதன் வால் அது. 1930இல் சிகாகோவில் அறிவியல் புனைகதை வாசகர்கள் 'தி காமெட்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ரசிகர் இதழ்களில் அதையே முதலாவதாகச் சொல்வார்கள். பத்து வருஷம் கழித்து லூயி ரஸ்ஸல் ஷோவனே என்ற ரசிகர் 'ஃபேன்ஸீன்' என்று பெயர் வைக்க, பிற்பாடு ஃபேன் கழன்று வால் மட்டும் மிஞ்சியது. இதையெல்லாம் எங்கள் நூலக உதவியாளர் அண்ணனுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அட்டைப்பெட்டியின் மேல் 'சீன் புத்தகங்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்துவிட்டார். அந்த வாரம் அந்தப் பெட்டியை ஆவலோடு திறந்து ஏமாந்த பையன்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள்.

'கையெழுத்துப் பத்திரிகைக்குத் தங்கச்சி முறை' என்று சொல்ல ஆரம்பித்த பிறகுதான் மூத்த ஆசிரியர்களுக்குப் பிடிபட்டது. ஒருவர் உடனே தான் பள்ளிக்கூடத்தில் நடத்தியதைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். ஒரே பிரதி, கைமாறிக் கைமாறிக் கிழிந்தே போனதாம்.

பதிவு செய்வது தனிக் கூத்து. புத்தகங்களுக்குத் தரும் ஐஎஸ்பிஎன் எண் கிடையாது. பதிப்பாளர் கிடையாது. முதுகே இல்லாததன் முதுகில் எண் ஒட்டுவது எப்படி? ஒரு ஸீனில் 'விலை: நீங்கள் போட்ட ஸீன் ஒன்று' என்று இருந்தது. எங்கள் மென்பொருளோ விலை நிரப்பாமல் அடுத்த கட்டத்துக்குப் போக விடாது. பூஜ்யம் போட்டேன். இருப்புச் சரிபார்ப்பில் "இத்தனை பூஜ்யமா?" என்று கேள்வி வந்தது. பதில் எழுதி எழுதி அலுத்துப்போனேன்.

நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியில் ஜென்னா ஃப்ரீட்மன் என்ற நூலகர் 2003இல் ஸீன் தொகுப்பைத் தொடங்கியவர். அங்கே இரண்டு பிரதி வாங்கி, ஒன்றை எல்லாரும் எடுத்துப் படிக்க ரேக்கில் வைத்து, மற்றதைக் காப்பகத்துக்கு அனுப்புவார்கள். அதையே நாங்களும் பிடித்துக்கொண்டோம். முத்திரையும் பார்கோடும் அமிலமற்ற காகித உறைக்கு. ஸீனில் பென்சிலால் ஒரு எண், அவ்வளவுதான். துருப்பிடிக்கும் என்று காப்பகப் பிரதிகளின் ஸ்டேப்ளர் பின்களைக் கழற்றி நூலால் தைக்கச் சொன்னேன். பல்லுக்குக் கம்பி போட்ட அனுபவத்தை ஒருத்தன் ஸீனாக்கியிருந்தான். அட்டையில் வரைந்த பல்வரிசை முழுக்கப் பின் அடித்திருந்தான். அண்ணன் அத்தனையையும் கழற்றிவிட்டார். டாக்டரே தோற்றார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற பிழைகள். இன்னொன்று அப்படியில்லை.

கேட்லாக்கில் 'ஆந்தை' என்று மட்டும் போட எனக்கு மனம் வரவில்லை. ஆசிரியரின் இயற்பெயரைத் தேடிப்பிடித்துப் போடுவது எங்கள் தொழிலில் ஒரு பெருமை. உறுப்பினர் பட்டியலில் இருந்து அவளுடைய முழுப்பெயரை எடுத்துப் போட்டேன். பொருள் தலைப்பில் 'தூக்கமின்மை', 'மனச்சோர்வு'. எங்கள் கேட்லாக் இணையத்தில் திறந்தே கிடப்பது. படிப்பு முடித்து வேலை தேடும்போது அவள் தன் பெயரைப் போட்டுத் தேடிப் பார்த்திருக்கிறாள். முதல் பக்கத்திலேயே எங்கள் நூலகம்.

நேரில் வந்தாள். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இருபது பேர் படிக்கணும்னுதான் மேடம் எழுதினேன்" என்றாள், மெதுவாக. இருபது என்பது அவள் கணக்குப்போட்டு எடுத்த எண் என்று எனக்கு அதுவரை உறைக்கவில்லை. புத்தகம் எழுதுபவர் ஊரறிய வேண்டும் என்று கேட்கிறார். இவள் கேட்டது அதுவல்ல. அவள் எதிரிலேயே பெயரை நீக்கினேன். அது ஐந்து நிமிஷ வேலை. தேடுபொறியில் பழைய பதிவு மறைய மேலும் சில வாரங்கள் பிடித்தன.

ஸீன் நூலகர்கள் தங்களுக்கென்று ஒரு நெறிமுறையே எழுதி வைத்திருக்கிறார்கள். போட்டவரைக் கேட்காமல் ஸ்கேன் செய்து வெளியிடுவதில் எச்சரிக்கை, பெயரை எடுக்கச் சொன்னால் மதிப்பது என்று எல்லாம் அதில் உண்டு. அதை நான் படித்தது இதற்கு அப்புறம். இப்போது ஸீனோடு ஒரு துண்டுச்சீட்டும் வாங்குகிறோம்: எந்தப் பெயர் போடலாம், இணையத்தில் காட்டலாமா, ஸ்கேன் செய்யலாமா, பின்னால் மனம் மாறினால் எப்படித் தொடர்புகொள்வது. பாதிப் பேர் ஸ்கேனுக்கு 'வேண்டாம்' என்றுதான் எழுதுகிறார்கள்.

பிரதியைத் திருப்பித் தருகிறேன் என்று அவளிடம் சொன்னேன். உறையிலிருந்து எடுத்துப் புரட்டினாள். ஜன்னல் பக்கம் வந்ததும் நின்று, என் மேஜையில் இருந்த பேனாவை எடுத்தாள். ஊதா வட்டத்துக்குள் இரண்டு கண், நடுவில் ஒரு அலகு, மேலே இரண்டு கொண்டை. "இங்கேயே இருக்கட்டும் மேடம்" என்று நீட்டினாள்.

நூலகப் பிரதியில் கிறுக்கியதற்கு நியாயமாக அபராதம் போட்டிருக்க வேண்டும். காப்பகத்துக்கு அனுப்பிவிட்டேன்.