தண்ணீர் போவது ஒரு நாட்டுக்கு, ஊர் இருப்பது இன்னொரு நாட்டில்

தூக்கம் வராத இரவுகளில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து ஏதாவது ஒரு ஆற்றைப் பிடித்துக்கொண்டு மேல்நோக்கிப் போவது என் பழக்கம். இந்த முறை சிக்கியது புரூஸ் (புரூஸ் லீக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). பெருவின் காட்டுக்குள் பிறந்து, எல்லை தாண்டி, பிரேசிலின் அக்ரி, அமேசானாஸ் மாநிலங்கள் வழியாக ஓடி, அமேசானில் போய்ச் சேர்கிற ஆறு. நீளம் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். பிறக்கும் இடத்துக்கும் சேரும் இடத்துக்கும் நேர்கோடு போட்டுப் பார்த்தேன், அதில் பாதிகூட வரவில்லை.

மீதியெல்லாம் வளைவுதான். அமேசானின் பல பெரிய துணையாறுகளைப் போல இது ஆண்டிஸ் மலையிலிருந்து இறங்கி வருவதில்லை. சில நூறு மீட்டர் உயரமுள்ள குன்றுகளில் கிளம்புகிறது. சரிவு குறைவு, கரையோ இளகிய வண்டலும் களிமண்ணும். தடுத்து நிறுத்தப் பாறை இல்லாததால் வளைவின் வெளிப்பக்கத்தை அரித்து, உள்பக்கம் மணலைக் கொட்டி, வளைவு முற்றியதும் கழுத்தை அறுத்துக்கொண்டு நேரே போய்விடுகிறது. பழைய வளைவு தனித்துவிடப்பட்டுக் குளமாகக் கிடக்கும். பள்ளிக்கூடத்தில் குருட்டு ஆறு என்று படம் வரைந்தோமே, அதேதான். இங்கே ஆற்றின் இரண்டு பக்கமும் நகம் வெட்டிப் போட்டதுபோல் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன.

சரி, எல்லைக்கு வருவோம். பெரு பக்கத்தில் புவெர்ட்டோ எஸ்பெரான்சா என்று ஒரு சிற்றூர், புரூஸ் மாகாணத்தின் தலைநகர். அங்கிருந்து பெருவின் வேறு எந்த ஊருக்கும் சாலை கிடையாது, சிறிய விமானம்தான். ஆற்றோடு போனாலோ பிரேசிலின் சாந்தா ரோசா டோ புரூஸ் வந்துவிடும், அதற்கும் கீழே மனோயல் உர்பானோ, அப்புறம் அக்ரி ஆறு வந்து கலக்கும் போகா டோ அக்ரி. சொந்த நாட்டுக்குப் பறந்தாக வேண்டும், அடுத்த நாட்டுக்குப் படகில் மிதந்தாலே போதும்.

இப்படி ஒரு கோடு ஏன் விழுந்தது என்று தேடப்போய்தான் இரவு முழுக்கப் போயிற்று. காரணத்தில் பாதி ரப்பர். கீழ்ப்பகுதியில் ஹெவியா மரம். பட்டையைக் கீறிப் பால் எடுத்தால் மரம் பல வருடங்கள் தரும், அதனால் எடுப்பவன் அங்கேயே தங்கிவிடுவான். 1877இல் தொடங்கிய பெரும் வறட்சிக்குப் பிறகு பிரேசிலின் வடகிழக்கிலிருந்து வந்து குவிந்தவர்கள் இப்படித்தான் ஆற்றோரம் குடியேறினார்கள். மேல்பகுதியில் காஸ்டில்லா மரம். அதை வெட்டிச் சாய்த்து மொத்தப் பாலையும் ஒரேயடியாக எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவார்கள். பெருவிலிருந்து வந்தவர்கள் இந்த வகை. உகயாலி ஆற்றுப் பக்கமிருந்து இரண்டு ஆறுகளின் தண்ணீரையும் பிரிக்கும் தாழ்வான மேட்டின் மேல் தோணிகளை இழுத்துக்கொண்டு இந்தப் பக்கம் இறங்குவார்களாம். ஆங்கிலேயர் வில்லியம் சாண்ட்லெஸ் 1864-65இல் ஏறக்குறைய ஆற்றின் தலைப்பகுதிவரை போயும் அந்தக் குறுக்குவழி அவர் கண்ணில் படவில்லை.

இரண்டு கூட்டமும் நடுவில் மோதிக்கொண்டபோது, 1905இல் பெருவும் பிரேசிலும் சேர்ந்து ஒரு குழுவை மேலே அனுப்பின. பிரேசில் தரப்புக்குத் தலைவர் எழுத்தாளரும் பொறியாளருமான யூக்ளிடிஸ் டா குன்யா. குஹார், குரியூஹா என்ற இரண்டு ஓடைகள் கூடிப் புரூஸ் ஆகும் இடத்தையும் தாண்டி, தோணி தரைதட்டும் அளவுக்குத் தண்ணீர் வற்றிய பிறகும் போனார்கள். 1909இல் ஒப்பந்தம். யார் எங்கே குடியிருந்தார்களோ பெரும்பாலும் அதை ஒட்டியே கோடு விழுந்தது. ஆக எல்லையைத் தீர்மானித்ததில் இரண்டு மரங்களுக்கும் பங்கு உண்டு என்பது என் கட்சி.

குடியிருந்தவர்கள் என்று அவர்கள் எண்ணியதில் ஹூனி குயின், குலினா மக்கள் சேர்த்தியில்லை. அவர்கள் ரப்பர்காரர்களுக்கு முன்பே அந்தக் காட்டில் இருந்தவர்கள், இன்றைக்கும் கோட்டின் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

புவெர்ட்டோ எஸ்பெரான்சாவுக்குச் சாலை போட வேண்டும், கூடாது என்ற சண்டை பல வருடமாக ஓடுகிறது. சுற்றிலும் 2004இல் அறிவிக்கப்பட்ட ஆல்ட்டோ புரூஸ் தேசியப் பூங்கா, ஏறக்குறைய 25 லட்சம் ஹெக்டேர். வெளியாரோடு தொடர்பே வேண்டாம் என்று ஒதுங்கி வாழும் மாஷ்கோ பீரோ மக்களும் அந்தக் காட்டில்தான். நான் சாலை வேண்டாம் என்ற பக்கம், ஆனால் எனக்கு நினைத்த நேரத்தில் பேருந்து கிடைக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.