கன்னடியன் கால்வாயோரம் ஒரு புறவாசல் தோட்டம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து விருப்ப ஓய்வு பெற்ற பின், கணவருடைய தாத்தா வீடு இருக்கும் சேரன்மகாதேவிப் பக்கத்துக் கிராமத்துக்கு வந்து குடியேறியிருக்கிறோம். திருநெல்வேலிச் சீமை எங்கள் இருவருக்கும் பெரியவர்கள் சொல்லக் கேட்ட ஊரே தவிர, வாழ்ந்து பழகிய ஊர் அன்று. சட்டப்படியும் நாங்கள் இங்கே வெளிநாட்டவர்தாம். இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் குடியிருக்க வீடு வாங்கலாம்; விளைநிலமோ பண்ணை வீடோ வாங்க முடியாது. ஆகவே வயல் வாங்கும் ஆசையை முதலிலேயே விட்டுவிட்டு, கிணற்றுக்கும் பின்மதிலுக்கும் நடுவே கிடந்த புறவாசலைத் திருத்தத் தொடங்கினோம். அங்கே காய்கறி வளர்த்தல், மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம், உடம்பைப் பேணும் பயிற்சி ஆகிய மூன்றும் எவ்வாறு நடக்கின்றன என்பதை, இப்பக்கம் வந்து குடியேற நினைக்கும் வெளிநாட்டுத் தமிழர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

ஈப்போவில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும். மழையில்லாத மாதம் என்று ஒன்று கிடையாது. அங்கே தோட்டம் போடுபவரின் கவலையெல்லாம் தேங்கும் தண்ணீரை எப்படி வடிப்பது என்பதே. நெல்லைச் சமவெளியில் அதில் பாதிகூடப் பெய்வதில்லை. பெய்வதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. இதை மட்டும் பார்த்தால் ஐப்பசியில் விதைத்து மாசிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இவ்வூர்க்காரர்கள் தலைக்கு மேலே பார்ப்பதைவிட மேற்கே மலையைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். தென்மேற்குப் பருவமழை பொதிகை மலையில் பெய்து பாபநாசம் அணையில் நீர் ஏறினால், ஊரில் ஒரு துளி விழாத ஆனி, ஆடி மாதங்களிலும் தாமிரபரணியிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாயில் தண்ணீர் ஓடுகிறது. கார் என்னும் முதல் போக நெல் சாகுபடி அதை நம்பியே நடக்கிறது. பிறகு வடகிழக்குப் பருவமழையோடு பிசானம் என்னும் இரண்டாம் போகம் தொடங்கி, அறுவடை முடிந்ததும் பங்குனிவாக்கில் தண்ணீரை அடைத்துவிடுவார்கள். மலையில் மழை பொய்த்த ஆண்டுகளில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் தாமதமாகத் திறப்பதும், திறக்காமலே போவதும் உண்டு.

எங்கள் கிணறு இந்தக் கால்வாயின் கைப்பிள்ளை. கால்வாயில் நீர் ஓடத் தொடங்கிய சில நாட்களில் ஊற்று மளமளவென்று ஏறுகிறது. அடைத்துவிட்டால் படிப்படியாக இறங்கி, சித்திரையில் அடித்தளத்துப் பாறை தெரிகிறது. ஆகவே எந்தப் பயிரை எப்போது நடுவது என்பதைக் கால்வாயைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறேன். இந்தப் பாடத்தை எனக்குச் சொன்னவர் அடுத்த வீட்டு ஆச்சி. வைகாசியில் நான் கொடி நடத் தயாரானபோது, "வாய்க்கால்ல தண்ணி வரட்டும் தாயி, அதுக்கு முன்ன நட்டா காத்துல காஞ்சுதான் போவும்" என்று நிறுத்திவிட்டார். அவர் சொன்ன காற்று வேறொரு சேதி. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் மேல்காற்று ஈப்போவில் நான் அறியாத ஒன்று. பந்தலைச் சாய்ப்பதைவிட, காலையில் ஊற்றிய ஈரத்தை மதியத்துக்குள் உறிஞ்சிவிடுவதுதான் அதன் பெரிய தொல்லை. இப்போது மேற்கு மதிலோரம் அகத்தியை நெருக்கமாக நட்டுக் காற்றைத் தடுத்திருக்கிறோம். அகத்திக்கீரை சமையலுக்கும் ஆகிறது.

மலேசியாவில் பாத்தி என்றால் தரையைவிட உயர்த்திக் கட்டுவோம். இங்கே அதற்கு நேர்மாறாக, அரை அடி ஆழத்துக்கு மண்ணை எடுத்துப் பள்ளப் பாத்தியாக்கி, எடுத்த மண்ணையே சுற்றிலும் வரப்பாக வைத்திருக்கிறேன். பள்ளத்தில் வாழைச்சருகு பரப்பிவிட்டால் வெயில் மண்ணைத் தொடுவதில்லை. ஆற்றுப் பாசனத்தில் வாழை விளையும் இப்பகுதியில் சருகுக்கும் மட்டைக்கும் பஞ்சமே இல்லை, கேட்டால் வண்டியோடு ஏற்றிக்கொண்டு போகச் சொல்கிறார்கள். ஆனால் பள்ளப் பாத்திக்கு அடைமழை ஆகாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரைபுரண்ட கதை இங்கே எல்லார் வாயிலும் இன்னும் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு பாத்தியின் கிழக்கு வரப்பிலும் ஒரு சிறு மடை விட்டு, கல் வைத்து அடைத்திருக்கிறேன்; ஐப்பசி பிறந்ததும் கல்லை எடுத்துவிடுவேன்.

கோடைக்குக் கைகொடுப்பது காருகுறிச்சிப் பானை. பக்கத்து ஊரான காருகுறிச்சியில் இன்னும் மண்பாண்டத் தொழில் நடக்கிறது. மெருகு ஏற்றாத, வாய் குறுகிய பானைகளை வாங்கி, கழுத்தளவு புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடி வைத்தால், நீர் பானைச் சுவரில் கசிந்து வேருக்கு மட்டும் போகிறது. கத்தரியும் வெண்டையும் பானையைச் சுற்றியே நிற்கின்றன. குளியலறைத் தண்ணீர் கல்வாழைப் பாத்தியைத் தாண்டி முருங்கைக்கும் பப்பாளிக்கும் போகிறது. உரத்துக்கு ஜீவாமிர்தம்: 20 லிட்டர் தண்ணீருக்கு நாட்டு மாட்டுச் சாணம் 1 கிலோ, கோமியம் 1 லிட்டர், வெல்லம் 200 கிராம், பயற்றமாவு 200 கிராம், வரப்பு மண் ஒரு பிடி, நிழலில் 2 நாள் வைத்து, காலையும் மாலையும் கலக்கிவிட்டு, பத்து மடங்கு நீரில் கரைத்து ஊற்றுகிறேன்.

இத்தனையிலும் என் மனத்துக்கு உகந்த பயிர் சிறுகிழங்கு. நெல்லைக்காரர் வீட்டுப் பொங்கல் படி, அதாவது பொங்கல் சீர், சிறுகிழங்கு இல்லாமல் நிறைவதில்லை. சென்ற பருவத்துக் கிழங்கை வைகாசியில் கிணற்றடி ஈரத்தில் நெருக்கமாகப் புதைத்தால் கொத்துக் கொத்தாகத் தழைக்கிறது. கால்வாயில் தண்ணீர் வந்ததும் கொடி நுனிகளை விரல் நீளத்துக்குக் கிள்ளி நடவேண்டும். ஓமவல்லியின் இனத்தைச் சேர்ந்தது என்பது இலையைத் தொட்டால் புரியும். அதே தடிப்பு, அதே மாதிரியான மணம். கொடி படரும்போது ஒருமுறை மண் அணைத்துவிட்டால், மார்கழியில் இலை பழுத்து, தைக்குள் கிழங்கு தயார். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். நெல்லிக்காய் அளவுக் கிழங்கைக் கத்தியால் சீவினால் சதையில் பாதி தோலோடு போய்விடும், கையும் கறுத்துவிடும். ஆச்சி கிழங்கை நனைத்து, பழைய சாக்கில் கட்டி, துவைக்கிற கல்லில் புரட்டிப் புரட்டித் தேய்ப்பார். சாக்கை அவிழ்த்தால் தோல் உரிந்து, அங்கங்கே கறுப்புப் புள்ளியோடு கிழங்கு வெளுத்துக் கிடக்கும். தேங்காயும் சீரகமும் அரைத்துப் போட்ட அந்தப் பொரியலுக்காகவே ஒரு பாத்தியை முழுதாக ஒதுக்கியிருக்கிறேன்.

உடற்பயிற்சிக்கென்று இங்கே தனியாக எதற்கும் கட்டணம் கட்டவில்லை. விடியற்காலையில் கால்வாய்க் கரையில் நடை. நீரோட்டம் நிதானமாக இருக்கும் நாட்களில் ஆற்றுப் படித்துறையில் நீச்சல். அணையிலிருந்து கூடுதலாகத் திறந்த நாட்களிலும் அணைக்கட்டுகளுக்கு அருகிலும் இறங்குவதில்லை. மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் இருக்கிறது என்றாலும், தோட்டத்துக்கு வேண்டிய தண்ணீரைக் கப்பியில் கயிறு போட்டு வாளியால்தான் இறைக்கிறேன். முதுகை வளைத்து இழுத்தால் இடுப்புப் பிடிக்கும். முழங்காலைச் சற்று மடக்கி, முதுகை நேராக வைத்து, கை மாற்றி மாற்றி இழுத்தால் தோளும் தொடையும் வேலை செய்கின்றன. கோடையில் நீர் இறங்க இறங்கக் கயிற்றின் நீளமும் பயிற்சியின் கடுமையும் தாமே கூடிவிடுகின்றன.

பாடம் மாலையில், திண்ணையில். பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்லும் மாவட்டத்துக்கு வந்து நான் கற்பிக்கப் புறப்பட்டதே சிரிப்புக்குரியதுதான். வளவுப் பிள்ளைகளுக்கோ அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. கட்டணமில்லாமல் ஆங்கிலமும் கணக்கும் சொல்லித் தருகிறேன். கணக்குக்குப் பாடநூலைவிட நாளிதழில் வரும் அணை நீர்மட்டம் நன்றாக உதவுகிறது. பாபநாசம் அணையின் முழு உயரம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி; அன்றாட மட்டத்தைப் பிள்ளைகள் கட்டம் போட்ட தாளில் குறித்துக் கோடு இழுக்கிறார்கள். ஒரு நாள், நீர்மட்டம் பாதி உயரத்தில் இருந்தால் தண்ணீரும் பாதிதானே என்று ஏழாம் வகுப்புப் பையன் கேட்டான். கடலை மடிக்கும் தாளில் கூம்பு செய்து, பாதி உயரத்துக்கு ஆற்று மணல் நிரப்பி, அந்த அளவால் முழுக் கூம்பை நிரப்பச் சொன்னேன். எட்டு முறை ஊற்ற வேண்டியிருந்தது. மலைப் பள்ளத்தாக்கும் அடியில் குறுகி மேலே அகன்றதே என்பதால், அணை பாதி உயரத்தில் இருக்கும்போது உள்ளே இருப்பது பாதியைவிட மிகக் குறைவு என்பதை அவர்களே சொல்லிவிட்டார்கள். "அப்பம் டீச்சர், இந்த வருசம் கார் கிடையாதா?" என்ற அடுத்த கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அந்தப் பிள்ளைகளின் அப்பாமார் எல்லாரும் அதே கேள்வியோடுதான் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது, மயில். சட்டப் பாதுகாப்புப் பெற்ற பறவை என்பதால் விரட்டலாமே தவிரத் தீங்கு செய்ய முடியாது. விரட்டினாலோ மதிலுக்கு மேல் ஏறி நின்று, நான் உள்ளே போகும் வரை பொறுமையாகக் காத்திருக்கிறது. தக்காளி நாற்றைக் கொத்திப் பிடுங்குவதும், சருகைக் கிளறிப் பானை வாயைத் திறந்துவிடுவதும் அன்றாடம் நடக்கின்றன. பழைய மீன்வலையை நாற்றங்காலின் மேல் கட்டியதில் நாற்று தப்பியது. பெரிய பாத்திகளுக்கு வலை போதவில்லை. திண்ணைப் பிள்ளைகள் ஒலிநாடாச் சுருளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, காற்றில் ரீங்காரமிட வைத்திருக்கிறார்கள். மேல்காற்று வீசும் வரை அது வேலை செய்யும் போலிருக்கிறது. காற்று நின்ற பின் என்ன செய்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.