ஷெஃப்பா, குக்கா? ஆஸ்திரேலிய ஸ்கில் அசெஸ்மென்ட்டில் நம்ம மாஸ்டர்கள் சறுக்கும் இடங்கள்

சமையல் தொழிலை வைத்து ஆஸ்திரேலிய விசாவுக்குப் போகிறவர்கள் முதலில் ஸ்கில் அசெஸ்மென்ட் என்ற தொழில்திறன் மதிப்பீட்டில் தேற வேண்டும். அதில் உங்கள் சாம்பாரை யாரும் ருசி பார்க்கப் போவதில்லை. பார்ப்பது மூன்றைத்தான்: வேலை பார்த்ததற்கான காகிதம், வேலை செய்யும்போது எடுத்த படங்களும் வீடியோக்களும், கடைசியில் வீடியோ அழைப்பில் ஒரு நேர்காணல். நல்ல கைப்பக்குவம் உள்ள மாஸ்டர் கவிழ்வதும், சுமாராகச் சமைக்கிறவர் தேறிவிடுவதும் இதனால்தான்.

தொழில் வேலைகளுக்கான மதிப்பீட்டை நடத்துவது ஆஸ்திரேலிய அரசின் ட்ரேட்ஸ் ரெகக்னிஷன் ஆஸ்திரேலியா, சுருக்கமாக டிஆர்ஏ. இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் 'ஆஃப்ஷோர் ஸ்கில்ஸ் அசெஸ்மென்ட் புரோகிராம்' வழியாகப் போவார்கள். டிஆர்ஏ அனுமதித்த நிறுவனங்கள் இதை நடத்துகின்றன. அவற்றில் நம் ஆட்களுக்கு அதிகம் தெரிந்தது வெட்டாசெஸ். ஆஸ்திரேலியப் படிப்பு இல்லாதவர்களுக்கு 'பாத்வே 1'. முறையான பயிற்சி இருந்தால் 3 ஆண்டு, இல்லாவிட்டால் 5 ஆண்டு முழுநேரச் சம்பள வேலை காட்ட வேண்டும். அதில் 12 மாதமாவது கடைசி 3 ஆண்டுக்குள் இருக்க வேண்டும். முதலில் காகித ஆய்வு, அது தேறினால் நேர்காணல். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிக் கட்டணம்.

விண்ணப்பத்துக்கு முன்னாலேயே எடுக்க வேண்டிய முடிவு ஒன்று உண்டு. ஷெஃப் என்று போடுவதா, குக் என்று போடுவதா? ஆஸ்திரேலியத் தொழில் பட்டியலில் ஷெஃப்புக்கு எண் 351311, குக்குக்கு 351411. சமைப்பவர் குக். சமையலைத் திட்டமிட்டு நடத்துபவர் ஷெஃப். மெனு போடுவது, சாப்பாட்டுச் செலவையும் ஆள் செலவையும் கணக்கிடுவது, சரக்கு ஆர்டர் கொடுப்பது, ஒவ்வொரு கட்டத்திலும் தரம் பார்ப்பது, ஆட்களுக்குக் கற்றுக்கொடுப்பது, சுகாதார விதிகளைக் கடைப்பிடிக்க வைப்பது எல்லாம் ஷெஃப்பின் வேலை. தேறினால் ஷெஃப்புக்குக் கிடைப்பது 'சர்டிஃபிகேட் 4 இன் கிச்சன் மேனேஜ்மென்ட்', குக்குக்கு 'சர்டிஃபிகேட் 3 இன் கமர்ஷியல் குக்கரி'. யாருடைய ஸ்பான்சரும் தேவைப்படாத 189 விசாவின் பட்டியலில் ஷெஃப் இருக்கிறது, குக் இல்லை. அதனால் எல்லோரும் ஷெஃப் என்றே போட ஆசைப்படுகிறார்கள்.

ஆசை சரிதான், ஆனால் பதவிப் பெயருக்கு இங்கே மதிப்பில்லை, செய்த வேலைக்குத்தான் மதிப்பு. கமிஸ் 2, கமிஸ் 1 என்று அடிமட்ட உதவியாளராக ஓடிய வருடங்கள் ஷெஃப் அனுபவமாக நிற்பது கடினம். ஒரு செக்ஷனைச் சொந்தப் பொறுப்பில் நடத்தும் சிடிபி (ஷெஃப் டி பார்ட்டி) ஆன பிறகுதான் வாதாட இடம் உண்டு. எதிர்ப்பக்கமும் இருக்கிறது: நாலு பேர் வேலை செய்யும் மெஸ்ஸில் 'எக்ஸிகியூட்டிவ் ஷெஃப்' என்று லெட்டர் வாங்கி வந்தால், அந்தப் பெயரே சந்தேகத்தைக் கிளப்பும். ஆனால் அதே மெஸ்ஸில் காலையில் கோயம்பேட்டில் காய் வாங்கி, கணக்கெழுதி, நாலு பேரையும் வேலை வாங்கியவர் உண்மையில் ஷெஃப் வேலைதான் பார்த்திருக்கிறார். அதைக் காட்டத்தான் அவருக்குத் தெரியாது.

இன்னொரு சிக்கல், ஒரே அடுப்பில் நின்றவர்களுடையது. பத்து வருடமாகப் பரோட்டாக் கல்லை விட்டு நகராதவருக்கு அந்தக் கல்லில் யாரும் நிகரில்லை. ஆனால் இந்தச் சான்றிதழ்களின் பாடப் பகுதிகள் ஸ்டாக், சாஸ், சூப்பில் தொடங்கி காய்கறி, முட்டை, கோழி, இறைச்சி, கடலுணவு, கேக், ரொட்டி, டெசர்ட், விசேஷ உணவுக் கட்டுப்பாடு வரை போகின்றன. சைவ ஹோட்டல் மாஸ்டர்களுக்கு இது இன்னும் பெரிய முட்டுக்கட்டை. இறைச்சியையும் மீனையும் தொடாமலே இருபது வருடம் ஓட்டியிருப்பார்கள். இதற்குக் குறுக்குவழி கிடையாது. மல்ட்டி குஸின் சமையலறை ஒன்றில் சேர்ந்து, செக்ஷன் மாறி மாறி வேலை பார்த்து, அதற்கான ரோஸ்டர் (பணிமுறை அட்டவணை) நகலையும் சேர்த்து வைத்துக்கொள்வதுதான் வழி.

இனி காகிதம். சர்வீஸ் லெட்டரில் இருக்க வேண்டியவை: நிறுவனத்தின் லெட்டர்ஹெட், சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், செய்த வேலைகள், பயன்படுத்திய கருவிகள், கையெழுத்திட்டவரின் பெயர், பதவி, பேசினால் எடுக்கும் போன் நம்பர். வேலைப் பட்டியலை அரசின் தொழில் விளக்கத்திலிருந்து அப்படியே காப்பியடித்து ஒட்டுவதுதான் ஏஜென்ட்கள் செய்யும் பெரிய தவறு. மதிப்பீட்டாளர் அந்த வரிகளைத் தினமும் படிப்பவர். அதற்குப் பதிலாக எத்தனை இருக்கை, மதியம் எத்தனை சாப்பாடு, உங்களுக்குக் கீழே எத்தனை பேர், காம்பி ஓவனா தந்தூரா டில்டிங் பேனா, வாரத்தில் எந்த நாள் ஸ்டாக் எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். கூடவே மெனு கார்டு, நீங்கள் எழுதிய ஆர்டர் ஷீட், ரெசிபி கார்டு, குளிர்பெட்டி வெப்பநிலை எழுதும் பதிவேடு. படத்திலும் வீடியோவிலும் உங்கள் முகமும் செய்யும் வேலையும் சேர்ந்தே தெரிய வேண்டும். அலங்கரித்த தட்டை மட்டும் படமெடுத்து அனுப்பிப் பயனில்லை.

சம்பளத்துக்கான ஆதாரம் தனி. பே ஸ்லிப், வங்கி ஸ்டேட்மென்ட், ஃபார்ம் 16, பிஎஃப் பாஸ்புக், இஎஸ்ஐ. இலங்கையில் இபிஎஃப், இடிஎஃப். வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு லேபர் காண்ட்ராக்ட், விசா பக்கம், வங்கியில் சம்பளம் ஏறிய வரிகள். கையில் கவராகச் சம்பளம் வாங்குகிறவர்கள்தான் பாவம். பத்து வருட உழைப்புக்கு ஒரு வரி ஆதாரம் இருக்காது. வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் இன்றைக்கே முதலாளியிடம் சொல்லிச் சம்பளத்தை வங்கி வழியாக மாற்றிக்கொள்ளுங்கள். லெட்டரில் 2016 ஜூன் என்றும் பிஎஃப்பில் 2018 ஜனவரி என்றும் சேர்ந்த தேதி இருந்தால், இடையில் உள்ள காலத்துக்கு வேறு ஆதாரம் தேட வேண்டியிருக்கும். அந்த இடைவெளியை நிரப்பப் போலி பே ஸ்லிப் அடிக்காதீர்கள். விசா கட்டத்தில் பொய் ஆவணம் பிடிபட்டால் மூன்று ஆண்டுகள் விசா கிடைக்காமல் போகும்.

நேர்காணலில் நம் ஆட்களைக் கவிழ்ப்பது பணிவு. "நாங்க இப்படிப் போடுவோம், அப்புறம் இறக்கிடுவாங்க" என்றுதான் நமக்குப் பேச வரும். மதிப்பீட்டாளர் தேடுவது 'நான்' என்ற சொல்லை. நான் என்ன செய்தேன், ஏன் செய்தேன், தவறினால் எப்படிச் சரிசெய்தேன் என்று சொல்லுங்கள். ஹாலண்டேஸ் என்ற வெண்ணெய்-முட்டை சாஸ் திரிந்தால் என்ன செய்வீர்கள், சாஸைக் கெட்டியாக்கும் ரூவில் மாவும் வெண்ணெயும் எந்த அளவு, ஒரு தட்டின் விலை எப்படி வந்தது என்பது போன்ற கேள்விகளுக்குத் தயாராக இருங்கள். விலைக் கணக்கில் கழிவை மறந்துவிடுகிறார்கள். கிலோ 800 ரூபாய் வஞ்சிரம் தலை, வால், குடல் போக 650 கிராம் தேறினால், சமையலுக்கு வரும் மீனின் விலை கிலோ 1,231 ரூபாய். இதைத் தாளில் போட்டுக்காட்டத் தெரிந்தவர் ஷெஃப்.

உணவுப் பாதுகாப்பில் எண்களைத் தடுமாறாமல் சொல்லத் தெரிய வேண்டும். ஆஸ்திரேலியாவில் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்டது ஆபத்து வெப்பநிலை. அந்த இடைவெளியில் மொத்தம் 2 மணி நேரத்துக்குள் இருந்த உணவைத் திரும்பக் குளிரில் வைக்கலாம். 2 முதல் 4 மணி நேரம் என்றால் உடனே பரிமாறிவிட வேண்டும். 4 தாண்டினால் குப்பைத்தொட்டி. காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னி மதியம் வரை கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் நம் வழக்கத்தை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். சமைத்ததை ஆற வைக்க வேறு கணக்கு: 60-லிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரம், 21-லிருந்து 5-க்கு மேலும் 4 மணி நேரம். நாற்பது லிட்டர் சாம்பாரை அண்டாவோடு தரையில் வைத்துவிட்டுப் போனால் நடுவில் விடியும்வரை சூடு நிற்கும். ஆழமில்லாத தட்டுகளில் பிரித்து ஊற்றுவேன் என்று சொல்ல வேண்டும். பழைய சோற்றின் பெருமையை அங்கே பேசாமல் இருப்பது நல்லது!

ஒவ்வாமை கேள்வியில் நம் சமையலுக்கென்றே இரண்டு பொறிகள். நல்லெண்ணெய் என்பது எள். ஆஸ்திரேலியாவில் எள் அறிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், எனவே க்ளூட்டன் இல்லாத உணவு கேட்டவருக்கு அந்தச் சாம்பாரைக் கொடுக்கக் கூடாது. இந்த இரண்டையும் கேட்காமலே நீங்களாகச் சொன்னால், எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

சமையலைத் தாண்டி, இதே மதிப்பீட்டுக்குப் போகும் எலக்ட்ரீஷியன், பிளம்பர், ஏசி மெக்கானிக் மாதிரி உரிமம் தேவைப்படும் தொழில்களுக்கு ஒரு வித்தியாசம் உண்டு. தேறினாலும் முழுச் சான்றிதழ் கையில் வராது. ஓடிஎஸ்ஆர் (ஆஃப்ஷோர் டெக்னிக்கல் ஸ்கில்ஸ் ரெக்கார்ட்) என்ற திறன் பதிவுதான் கிடைக்கும். அதை வைத்து அங்கே போய்த் தற்காலிக உரிமம் எடுத்து, மேற்பார்வையில் வேலை பார்த்து, ஆஸ்திரேலிய விதிகளுக்கான பயிற்சியை முடித்த பிறகே முழு உரிமம். போன மறுநாளே தனியாக வயரிங் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அசெஸ்மென்ட் தேறுவது விசா ஆகாது. 189, 190, 491 விசாக்களுக்குக் குறைந்தது 65 புள்ளி வேண்டும், 45 வயதுக்குள் அழைப்பு வர வேண்டும். 36 வயது ஷெஃப் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். வயதுக்கு 25, ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் நான்கு பகுதியிலும் 7 எடுத்தால் 10, 5 ஆண்டு வெளிநாட்டு அனுபவத்துக்கு 10, ஏற்கப்பட்ட தகுதிக்கு 10, மனைவிக்கு நான்கிலும் 6 இருந்தால் 5. மொத்தம் 60. 190-க்கு மாநில நாமினேஷன் 5 சேர்த்தால் 65, பிராந்திய 491-க்கு 15 சேர்த்தால் 75. நான்கிலும் 6 மட்டும் எடுத்தால் ஆங்கிலத்துக்குப் புள்ளியே இல்லை. 65 என்பது வரிசையில் நிற்க மட்டுமே, அழைப்புக்குப் பெரும்பாலும் அதற்கு மேல் தேவைப்படும். படிப்பில்லாமல் அனுபவத்தாலேயே தகுதி பெற்றவர்களுக்கு ஓர் அடி: தகுதி பெற ஆன ஆரம்ப ஆண்டுகள் அனுபவப் புள்ளியில் சேராது.

முதலாளி ஸ்பான்சர் செய்யும் 482 வேறு கதை. 2024 டிசம்பர் 7 முதல் அதன் பெயர் ஸ்கில்ஸ் இன் டிமாண்ட்; தேவையான அனுபவம் 2 ஆண்டிலிருந்து 1 ஆண்டாகக் குறைந்தது. கோர் ஸ்கில்ஸ் பிரிவில் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 2025 ஜூலையில் 76,515 டாலர் ஆனது, ஆண்டுதோறும் ஜூலையில் மாறும். 55,000 டாலர் ஆண்டுச் சம்பளத்தில் 482 போட்டுத்தருகிறேன் என்பவரிடம் பணம் கட்டாதீர்கள்.

கடைசியாக, நம் ஊருக்கே உரிய இனிஷியல் தொல்லை. பாஸ்போர்ட்டில் 'முருகன் சுப்பிரமணியன்', பிஎஃப்பில் 'எஸ் முருகன்', வங்கியில் 'முருகன் எஸ்', கேட்டரிங் சான்றிதழில் எழுத்துக்கூட்டல் வேறு. சென்னையில் யாருக்கும் இது குழப்பமில்லை. மெல்பர்னில் கோப்பைத் திறப்பவருக்கு இவர்கள் நாலு பேர். பிஎஃப், வங்கிப் பெயர்களைப் பாஸ்போர்ட்டுக்கு ஏற்றபடி முன்பே திருத்துங்கள். திருத்த முடியாத பழைய லெட்டர்களுக்கு, எல்லாப் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து முதல் பக்கமாக வையுங்கள்.