நீலகிரியில் வீட்டிலிருந்தே வேலை: வாடகைக்கு முன்னால் கூரையைப் பாருங்கள்

"ஊட்டியில் வாடகை என்ன வரும், கோத்தகிரி அதைவிடக் கம்மியா?" வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்கள் மலைக்கு வர நினைத்தால் முதலில் கேட்பது இதைத்தான். கேட்க வேண்டியது வேறு. வருடத்தில் எந்த மாதங்களில் நெட் அறுந்தாலும் உங்கள் வேலை தாங்கும்? அதைச் சொன்னால் ஊரைச் சொல்லிவிடலாம்.

நீலகிரி ஒரே மழை வாங்கும் மலை அல்ல. குன்னூரும் கோத்தகிரியும் கிழக்குச் சரிவில் இருக்கின்றன. அங்கே அடித்துப் பெய்வது வடகிழக்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2009 நவம்பரில் மண்சரிவில் பல உயிர்கள் போனதும் இந்தப் பக்கத்து மழையில்தான். கூடலூர், பந்தலூர், தேவாலா மேற்குப் பக்கம். அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை விடாது. நடுவில் மேலே உட்கார்ந்திருக்கும் ஊட்டி இரண்டிலும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மார்ச்சில் கணக்கு முடிக்கிற வேலை என்றால் எந்தப் பக்கமும் சரி. தீபாவளி விற்பனையை நம்பி ஓடும் நிறுவனத்தில் இருப்பவர் குன்னூரில் வீடு எடுத்தால், அலுவலகம் பரபரப்பாக இருக்கும் அதே வாரத்தில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் பர்லியார் பாதையில் மரம் விழுந்து கிடக்கும்.

ஊர்களைப் பற்றிச் சுருக்கமாக. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காந்தல், தலைகுந்தா போன்ற பள்ளங்களில் உறைபனி படியும். குளிர்காற்று கனமானது, இரவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் ஊட்டியில் பள்ளத்து வீடு வேண்டாம், காலை வெயில் விழும் கிழக்குச் சரிவில் தேடுங்கள். குன்னூரும் கோத்தகிரியும் அதைவிட நானூறு மீட்டர் அளவுக்குக் கீழே இருப்பதால் குளிர் ஒரு ஸ்வெட்டரோடு முடிந்துவிடும். மாதச் செலவு கட்டுப்பட வேண்டும், மேட்டுப்பாளையத்துக்குச் சீக்கிரம் இறங்கவும் வேண்டும் என்பவர்களுக்கு என் ஓட்டு கோத்தகிரிக்கு. கோத்தகிரி சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் குறைவு, இரு சக்கர வண்டிக்காரருக்கும் பயமில்லை. அருவங்காடு, வெலிங்டன், கேத்தி பக்கம் ஓய்வு பெற்றவர்கள் கட்டிய நல்ல வீடுகள் உண்டு. மாடி ஒன்றை வருட வாடகைக்கு விடுவார்கள்.

கூடலூரில் வெதுவெதுப்பும் உண்டு, வாடகையும் குறைவு. ஆனால் இரண்டு சிக்கல். மைசூர்ப் பக்கம் பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். கோவைக்கு இறங்க வேண்டுமானால் முதலில் ஊட்டிக்கு ஏற வேண்டும். இன்னொன்று நிலம். 1969-ஆம் ஆண்டு ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் சிக்கி, உரிமை தீராமல் கிடக்கும் நிலங்களில் நிற்கும் வீடுகளுக்கு மின் இணைப்பு வாங்குவது பெரும்பாடு. பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்து ஓட்டுவார்கள். வீட்டுக்காரர் பெயரில் சர்வீஸ் நம்பர் இருக்கிறதா, கடைசியாகக் கட்டிய கரண்ட் பில் எங்கே என்று கேட்டுப் பார்த்த பிறகே முன்பணத்தைப் பேசுங்கள்.

சீசன் விஷயத்தில்தான் வெளியூர்க்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஏப்ரல், மே, ஜூனில் காட்டேஜ் நாள் வாடகை எகிறும்போது, மாத வாடகைக்கு விட்டவருக்கு மனசு மாறும். ஜூலையில் பேசும்போது இனிமையாக இருந்தவர் மார்ச் கடைசியில் "தம்பி, மே மாசம் மட்டும் கொஞ்சம் காலி பண்ணிக் கொடுங்க, மருமக வீட்ல இருந்து வராங்க" என்பார். 11 மாத ஒப்பந்தத்தில் மே மாதமும் அடங்குகிறது, வாடகை மாறாது என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதியவும் வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு: 2024 மே 7 முதல் ஊட்டிக்கு இ-பாஸ் வந்துவிட்டது. 2025 சீசனில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் போட்டார்கள். நீலகிரியில் பதிவான டிஎன் 43 வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. சீசனில் ஊட்டிக்கு ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியும் இறங்குவதைக் கோத்தகிரி வழியும் திருப்பிவிடுவார்கள். மே மாத ஞாயிறு மாலையில் கோத்தகிரி கடைவீதிக்குப் பால் வாங்கப் போவதற்குக்கூட அதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது நெட். "இங்க ஃபைபர் இருக்குங்க" என்ற பதிலில் ஒன்றுமே இல்லை. மலையில் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஃபைபர் பெரும்பாலும் கரண்ட் கம்பத்திலும் மரத்திலும்தான் தொங்கிக்கொண்டு வருகிறது. கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) காற்று மழையில் சாய்வதற்குப் பேர்போனவை. மரம் விழுந்தால் கரண்டும் நெட்டும் சேர்ந்தே போகும். வீடு பார்க்கும் நாளில் கேபிள் வரும் திசையில் இருநூறு அடி நடந்து, மேலே எத்தனை பெரிய மரம் சாய்ந்து நிற்கிறது என்று எண்ணுங்கள். குரங்கு ஊஞ்சலாடும் இடம் எது என்று பக்கத்து டீக்கடையில் சொல்லிவிடுவார்கள்.

இணைப்பு ஏற்கனவே இருக்கும் வீடு என்றால் வேகத்தை அளந்து திருப்திப்படாதீர்கள். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் என்று ஓர் எண் இருக்கும், பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் அளவு அது, டிபிஎம் கணக்கில். மைனஸ் 15 முதல் மைனஸ் 24 வரை நல்லது. மைனஸ் 27-க்கும் கீழே இறங்கினால் பெட்டிக்கு ஒளி தெரியாது, ஒளி வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாகச் சிமிட்டும். வெயில் நாளிலேயே மைனஸ் 26 காட்டும் வீட்டை விட்டுவிடுங்கள். மூன்று டெசிபல் குறைந்தால் ஒளி பாதியாகிறது. வழியில் டேப் சுற்றி விட்ட ஒரு ஜாயின்டில் ஈரம் இறங்கினால் அது போதும். அந்த இணைப்பு முழுதாக அறுவதுமில்லை, ஒழுங்காக ஓடுவதுமில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழுந்து எழும். அறுந்த கேபிளைச் சரிசெய்வதைவிட இதைக் கண்டுபிடிப்பதுதான் லைன்மேனுக்குத் தலைவலி, ஏனென்றால் அவர் வந்து பார்க்கும்போது வெயில் அடித்துக்கொண்டிருக்கும். பழைய ஜாயின்டை வெட்டி ஸ்ப்ளைசிங் இயந்திரத்தில் புதிதாக ஒட்டச் சொல்லுங்கள். அந்த இயந்திரம் உள்ளூர்க்காரரிடமே இருக்கிறதா, கோவையிலிருந்து வர வேண்டுமா என்பதையும் முன்னதாகவே கேட்டு வையுங்கள். மண்சரிவு நாளில் அந்த ஒரு பதிலுக்கு இரண்டு நாள் வித்தியாசம்.

இரண்டாவது இணைப்பு கட்டாயம், ஆனால் அதே கம்பத்தில் வரும் இன்னொரு ஃபைபர் இரண்டாவது ஆகாது. வேறு கம்பெனியின் 4ஜி அல்லது 5ஜி சிம் வையுங்கள். அதிலும் ஒரு சூட்சுமம். சில டவர்கள் ஃபைபரில் இல்லாமல் மைக்ரோவேவ் தட்டு வழியாக அடுத்த டவரோடு பேசுகின்றன. கனமழையில் அந்த அலை வலுவிழக்கும். உங்கள் போனில் சிக்னல் கோடு முழுசாக இருக்கும், டேட்டா நகராது. தவிர, மணிக்கணக்கில் கரண்ட் இல்லாவிட்டால் டவரின் பேட்டரியும் தீரும். சிம்மை மழை நாளில், சாயங்காலம் ஏழிலிருந்து பத்துக்குள், வேலை செய்யப்போகும் அறையிலேயே வைத்துச் சோதியுங்கள். மலை மறைப்பால் முன்னறையில் எடுக்கும் சிக்னல் பின்னறையில் செத்துக் கிடக்கும். அரை மணி நேரம் பிங் (இணைப்பைச் சோதிக்கும் கட்டளை) ஓடவிட்டு எத்தனை டேட்டா பாக்கெட் தொலைகிறது என்று பாருங்கள். வீடியோ கூட்டத்துக்கு நான்கு எம்பிபிஎஸ் அப்லோடு நிலையாக வந்தால் தாராளம். நூறு எம்பிபிஎஸ் திட்டம் விழுந்து எழுந்துகொண்டிருந்தால் ஒரு பைசாவுக்குப் பிரயோஜனமில்லை.

கரண்ட் போவதற்கான ஏற்பாடு எளிது, தவறு நடக்கும் இடம் மட்டும் நுணுக்கமானது. மடிக்கணினி 60 வாட், மானிட்டர் 30, ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் 15 என்று வைத்தால் மொத்தம் 105. ஒரு 150 ஏஎச், 12 வோல்ட் பேட்டரியில் காகிதத்தில் 1,800 வாட்-மணி இருக்கும். இன்வெர்ட்டர் தின்பது, குளிரில் பேட்டரி சுருங்குவது, அடியோடு காலியாக்கக்கூடாது என்பதையெல்லாம் கழித்தால் ஆயிரத்தை நம்பலாம். ஒன்பது மணி நேரம் வரும். ஆனால் மலைக் கிராமங்களில் லைன் கடைசியில் இருக்கும் வீட்டுக்கு வோல்டேஜ் 170-க்கு இறங்குவது சாதாரணம். இன்வெர்ட்டரின் பின்னால் இருக்கும் சுவிட்ச் யுபிஎஸ் பக்கம் இருந்தால், 180-க்குக் கீழே போனதுமே அது பேட்டரிக்கு மாறிவிடும். கரண்ட் இருக்கும்போதே பேட்டரி சத்தமில்லாமல் கரையும். நிஜமாகவே மரம் விழும் நேரத்தில் காலி. மடிக்கணினி அடாப்டர் 100 வோல்ட்டிலும் ஓடும், அதற்கு இந்தச் செல்லம் தேவையில்லை. சுவிட்சைச் சாதாரண முறைக்குத் தள்ளுங்கள், தொல்லை தீர்ந்தது.

இன்வெர்ட்டர் வாங்க மனமில்லாதவர்கள் ரூட்டருக்கு மட்டும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கலாம். 8,800 எம்ஏஎச் என்று பெரிதாக எழுதியிருப்பது 3.7 வோல்ட் கணக்கு. கையில் வருவது சுமார் 32 வாட்-மணி, அதாவது இரண்டு மணி நேரம். ஏப்ரல், மே இடிமழையில் இதற்கு இன்னொரு பயன்: முதல் இடி கேட்டதும் அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு மினி யுபிஎஸ்ஸிலேயே வேலையைத் தொடரலாம். ஃபைபரின் கண்ணாடி இழை மின்சாரம் கடத்தாது. ஆனால் கேபிளைத் தாங்கும் இரும்புக் கம்பி கடத்தும். அதைத் தகரக் கூரையிலோ ஜன்னல் கம்பியிலோ கட்ட விடாதீர்கள். கரண்ட் புகாருக்கு மின் வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையை முன்கூட்டியே அறிவிப்பார்கள், அந்தப் பகலில் கூட்டம் வைக்காதீர்கள்.

குளிருக்கு ரூம் ஹீட்டர் என்று யோசித்தால் கணக்குப் போட்டுவிட்டு யோசியுங்கள். இரண்டு கிலோவாட் ஹீட்டர் தினம் நான்கு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 480 யூனிட். கீசரும் அடுப்பும் சேர்ந்தால் 500 தாண்டும். தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101-லிருந்து 200 வரையுள்ள யூனிட்டுக்கும் விலை ஏறிவிடும். கம்பளியும் காலுறையும் வெயில் வரும் ஜன்னலும்தான் மலிவு.

தண்ணீர் பற்றி ஒரு கேள்வி போதும்: "எத்தனை நாளைக்கு ஒருதடவை விடுவாங்க?" குன்னூர் நகரம் ரேலியா அணையை நம்பி இருக்கிறது. கோடையில் இடைவெளி நீளும். இரண்டு பேருக்கு ஆயிரம் லிட்டர் தொட்டி சிக்கனமாக ஒரு வாரம் தாங்கும். மழைக்காலப் பூஞ்சைக்கு அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். துணி அலமாரிக்குள் பழைய குண்டு பல்பு ஒன்று எரியட்டும், எல்இடியில் சூடு கிடையாது. சமையல் கழிவை இரவு வெளியே வைத்தால் கரடி வரும், கோத்தகிரிப் பக்கம் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காட்டெருமை வாசலில் நின்றால் அது போகும்வரை நீங்கள் உள்ளே. மருத்துவத்துக்குக் குன்னூரில் அரசு லாலி மருத்துவமனையும் ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. அவற்றைத் தாண்டினால் கோவைதான்.

கடைசியாகக் கூரை. நீலகிரியின் மலிவு வாடகை வீடுகள் பலவற்றுக்குத் தகரக் கூரைதான். வெயில் நாளில் பார்க்கும்போது அழகாக, அமைதியாக இருக்கும். மழை கனத்ததும் பக்கத்தில் இருப்பவரிடமே கத்திப் பேச வேண்டும். மைக்கின் இரைச்சல் நீக்கும் மென்பொருள் தகர மழையோடு சேர்த்து உங்கள் குரலின் பாதியையும் விழுங்கிவிடும். வாயருகே நீளும் மைக் வைத்த ஹெட்செட் ஓரளவு காப்பாற்றும். நிஜமான தீர்வு தகரத்துக்குக் கீழே ஒரு சீலிங், நடுவே ஓர் அடி இடைவெளி. இல்லையென்றால் கான்கிரீட் மாடிக்குக் கீழ்வீடு. குன்னூர், கோத்தகிரி வீட்டை நவம்பரிலும் கூடலூர் வீட்டை ஜூலையிலும் போய்ப் பாருங்கள். மழை வலுக்கும்வரை காத்திருந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அந்த அறையிலிருந்தே ஊரில் இருக்கும் யாருக்காவது போன் போடுங்கள். "எங்க இருந்து பேசுற, அருவிக்குள்ள இருந்தா?" என்று கேட்டால் அடுத்த வீட்டைப் பார்க்கப் புறப்படலாம்.