18 முடிவதற்கு முன்பே ஓடத் தொடங்குங்கள்

குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்து 18 வயது முடித்த ஒரு பையனுக்கு ஆஃப்டர் கேர், அதாவது இல்லத்தை விட்டு வெளியேறும் பிள்ளைகளுக்கான உதவித்தொகை வாங்க அலைந்ததில், செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம் என்று நினைத்திருந்தோம். போன வாரம் முதல் தவணை ஏறிவிட்டது. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் இதற்கு மாதம் 4,000 ரூபாய். 21 வயது வரை வரும், அவசியம் என்றால் 23 வரை நீட்டலாம்.

கோளாறு தேதியில்தான் ஆரம்பித்தது. சிறார் நீதிச் சட்டத்துக்கான 2016 மத்திய மாதிரி விதிகளில் 25-ஆவது விதி தெளிவாகவே இருக்கிறது: பிள்ளை இல்லத்தை விட்டுக் கிளம்ப இரண்டு மாதம் இருக்கும்போதே, வெளியே போனபின் என்ன செய்யப்போகிறான் என்ற திட்டத்தை எழுதிக் குழந்தைகள் நலக்குழுவில் கொடுக்க வேண்டும். இங்கே யாரும் எழுதவில்லை. இல்லத்தில் கேட்டால், “அதை டிசிபியூல பாத்துப்பாங்க.” அந்த டிசிபியூவில், அதாவது மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில், “இல்லத்துலேருந்து வரணுமே.” நலக்குழுவில், “பேப்பரே வரல, எதை வச்சு ஆர்டர் போடறது?” ஒருவருக்கொருவர் ஒரு போன் போட்டிருந்தால் போதும். பையன் கையில் டிசியும் ஒரு பையும்தான் இருந்தன.

நலக்குழு ஆணை இல்லாமல் அலகில் பணம் நகராது. மாதிரி விதிகளில் அது படிவம் 37. அதற்கு அடித்தளம் படிவம் 7, அதாவது பிள்ளையின் தனிப்பட்ட பராமரிப்புத் திட்டம். இவனுடையதில் கடைசிப் பதிவு ஒன்பதாம் வகுப்பில் போட்டது: ‘கால்பந்தில் ஆர்வம். நன்றாகச் சாப்பிடுகிறான்.’ இதைக் காட்டி பாலிடெக்னிக் செலவுக்கு ஆணை கேட்டால் யார் தருவார்கள்? கட்டணம், விடுதி, பஸ் பாஸ், டிராயிங் செட் என்று தனித்தனித் தொகை போட்டுப் புதிதாக எழுத வைத்தோம். உங்கள் பொறுப்பில் உள்ள பிள்ளை 17 வயதைத் தொட்டதும் அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள்.

அடுத்த நடை முழு வீண். இறுதி ஆணை போட நலக்குழுவில் மூன்று உறுப்பினர்களாவது இருக்க வேண்டும் என்கிறது சட்டம். நாங்கள் போன அன்று இரண்டு பேர். கிளம்பும் முன் போன் போட்டு ‘இன்னிக்கு எத்தனை பேர் உட்கார்றாங்க’ என்று கேட்டுக்கொள்வது நல்லது. கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இல்லம் ஒரு மாவட்டம், கல்லூரி இன்னொரு மாவட்டம் என்றால் பந்தாடுவார்கள். “இங்க படிக்கறான், ஆனா எங்க ஃபைல் இல்லையே” என்றார் அங்கிருந்த எழுத்தர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். வழி திறந்தது ஒரே ஒரு வரியில். பழைய மாவட்ட நலக்குழு ஆணையின் அடியில் ‘நகல்’ என்ற இடத்தில் புதிய மாவட்ட அலகின் பெயரையும் சேர்க்கச் சொன்னோம். அதற்குப் பிறகு ‘ஃபைல் இல்லை’ என்ற பேச்சே இல்லை. மனு எங்கே கொடுத்தாலும் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் முன் காட்ட ஒன்றும் இருக்காது.

ஆதாரில் இருந்தது இல்லக் கண்காணிப்பாளரின் செல் நம்பர். அவர் மாற்றலாகிப் போய் இரண்டு வருடம்! ஓடிபி அவருக்கே போய்க்கொண்டிருந்தது. நம்பரை மாற்றப் பையனே ஆதார் மையத்துக்குப் போய் விரல் வைக்க வேண்டியிருந்தது. முகவரிக்கு இல்லத் தலைவர் தரும் சான்றிதழ் செல்லும், ஆனால் மூன்று மாதத்துக்குத்தான்.

வங்கியில் இன்னொரு பள்ளம். ஸ்காலர்ஷிப்புக்குப் பள்ளியில் திறந்த கணக்கு ஒன்று, இல்லத்தில் திறந்தது ஒன்று. ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் அரசுப் பணம் போகும், நீங்கள் எழுதிக் கொடுத்த நம்பருக்கு அல்ல. அந்தக் கணக்கும் மைனர் கணக்காகவே கிடந்தது. 18 ஆனபின் புதுக் கையெழுத்தும் கேஒய்சியும் கொடுக்காததால் பூட்டி வைத்திருந்தார்கள். கிளையிலேயே உட்கார்ந்து, ‘எந்தக் கணக்கில் சீடிங் (ஆதார் இணைப்பு) ஆகியிருக்கு’ என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை.

கல்லூரி மாணவர்களுக்குத் தமிழக அரசு மாதாமாதம் தரும் தமிழ்ப் புதல்வன் 1,000 ரூபாய் இன்னும் பாக்கி. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழியிலோ படித்ததைக் கல்லூரி வழியாகக் காட்ட வேண்டும். இல்லம் மாறி மாறி நாலு பள்ளி பார்த்தவனுக்கு நாலு போனஃபைடுக்கு (படித்ததற்கான சான்று) எங்கே போவது? பள்ளிக் கல்வித்துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எமிஸ் நம்பரைக் கொடுங்கள், பள்ளி வரலாறு அதிலேயே வந்துவிடும். அந்த நம்பர் பத்தாம் வகுப்பு டிசியில் இருந்தது. அதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.