அப்பாவின் நான்கு வரிகள்

மார்ச் 3, செவ்வாய்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இன்றோடு ஐந்து மாதம். மூளையின் இடப்பக்கத்தில் அடைப்பு. வலக்கையும் பேச்சும் ஒன்றாகப் போயின. ஏதோ சொல்ல நினைக்கிறார் என்பது முகத்தில் தெரிகிறது, சொல்தான் வருவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் "அது, அது" என்கிறார். ஜன்னலும் "அது". நானும் "அது"தான்.

இன்று விடியுமுன் அவர் அறையிலிருந்து குரல் கேட்டது. பதறிக்கொண்டு ஓடினேன். கண்ணை மூடிப் படுத்தபடி, அறுபது வருஷமாகக் காலையில் சொல்லிவரும் அந்த நான்கு வரிப் பிரார்த்தனையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓர் எழுத்துகூடத் தட்டவில்லை. பழைய குரல், பழைய இழுப்பு. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தார். "அப்பா, நான் யாரு?" என்றேன்.

"அது."

கேட்டிருக்கக் கூடாது. அவர் கண் கலங்கிவிட்டது.

மார்ச் 4, புதன்

ஸ்பீச் தெரபிஸ்ட் இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. பேச்சு போன பலருக்கு ஒன்று, இரண்டு என எண்ணுவது வரும், பாட்டு வரும், பிரார்த்தனை வரும் என்றார். சொல்லிச் சொல்லிப் பழகிய வரி வருவதும், புதிதாகச் சொல்லைத் தேடிப் பேசுவதும் மூளைக்குள் ஒரே வழியில் நடப்பதில்லையாம்.

அப்புறம் நானே தேடிப் படித்தேன். 1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்த்தார். எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து பெரும்பாலும் 'டான்' என்ற ஒரே அசைதான் வந்தது. அவர் இறந்தபின் மூளையைப் பரிசோதித்தபோது இடப்பக்க முன்பகுதி சிதைந்திருந்தது.

விளக்கம் கிடைத்தது, நிம்மதி போய்விட்டது. அப்பா பிரார்த்திக்கிறாரா, இல்லை, நாக்கு தன்பாட்டுக்கு ஓடுகிறதா? மனம் சேராத சொல்லுக்குப் பிரார்த்தனை என்று பெயர் உண்டா?

மார்ச் 7, சனி

நகம் வெட்டினேன். வலக்கை எப்போதும் இறுக மூடியே இருக்கிறது. பலவந்தமாகப் பிரித்தால் இன்னும் இறுகும். முதலில் மணிக்கட்டை மெல்ல உள்பக்கம் மடக்க வேண்டும், விரல்கள் கொஞ்சம் இளகும். பிறகு கட்டைவிரலை வெளியே எடுத்து, மற்றவற்றை ஒவ்வொன்றாக. உள்ளங்கையில் நகம் பதிந்த நான்கு பிறைகள். ஈரமான வாடை. வெதுவெதுப்பான துணியால் துடைத்துக் காயவைத்தேன். அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணியில் கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வி ஒருமுறைகூட வரவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

இந்த ஐந்து மாதத்தில் நான் ஒருநாளும் பிரார்த்திக்கவில்லை. கோபம். அறுபது வருஷம் கூப்பிட்ட மனிதரின் குரலையா பறிப்பது?

"நம்பிக்கையா இருங்க" என்கிறார்கள் வருகிறவர்கள் எல்லாரும். கடவுளை நம்புவதற்கும், நாளைக்குச் சரியாகும் என்று எதிர்பார்ப்பதற்கும், ஒரு மனிதர் கைவிடமாட்டார் என்று இருப்பதற்கும் நமக்கு இந்த ஒரே சொல்தான். எனக்கு முதல் இரண்டும் தளர்ந்திருக்கின்றன. மூன்றாவது, அப்பா என்மேல் வைத்திருப்பது. கையை இழுத்துக்கொள்ளாமல் என்னிடம் விட்டுவிடுகிறாரே, அது.

மார்ச் 12, வியாழன்

இரண்டு நாளாக பிரெஞ்சுக் கணித அறிஞர் பாஸ்கல் மனதைவிட்டுப் போகவில்லை. இருபது வயதை ஒட்டியே கணக்குப் போடும் இயந்திரம் செய்ய முனைந்த மேதை. 1654 நவம்பர் 23 இரவு, சுமார் 10.30 முதல் 12.30 வரை, கடவுளை நேரில் உணர்ந்ததுபோல அவருக்கு ஏதோ நேர்ந்தது. 'தீ' என்ற ஒற்றைச் சொல்லைத் தனி வரியாக எழுதி, அதன்கீழ் அந்த அனுபவத்தைக் குறித்துவைத்தார். 1662இல் அவர் இறந்தபின், கோட்டின் உள்துணிக்குள் அந்தக் காகிதம் தைத்திருந்ததை ஒரு பணியாள் கண்டெடுத்தார். கோட்டு மாறும்போதெல்லாம் தையலைப் பிரித்து, புதிய கோட்டில் வைத்துத் தைத்திருக்கிறார். எட்டு வருஷம்.

முன்பெல்லாம் அந்த இரவைத்தான் நினைத்து வியப்பேன். இப்போது ஊசியை நினைக்கிறேன். தைத்த நேரமெல்லாம் அந்தத் தீ உள்ளே எரிந்திருக்குமா? சில தடவை வெறும் நூலும் துணியுமாக இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் தைத்தார். நம்ப முடியாதவர்கள் நம்புகிறவர்கள் செய்வதைச் செய்து தொடங்கட்டும் என்று சொன்னவரும் அவர்தானே.

அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். தூக்கக் கலக்கத்தில், கடன் கவலையில், என்மேல் கோபத்தில் என்று எத்தனை காலைகளில் வெறும் வாயால் சொல்லியிருப்பார்! அந்தக் காலைகளும் சேர்ந்துதான் இந்த நான்கு வரியை இவ்வளவு ஆழத்தில் கொண்டுபோய் வைத்திருக்கின்றன. நாக்கு தன்பாட்டுக்கு ஓடினால் ஓடட்டும். அதை ஓடப் பழக்கியது அவர் மனம்.

என் பெயரையும் ஆயிரம் ஆயிரம் தடவை கூப்பிட்டவர்தான். அது ஏன் தங்கவில்லை என்பது வலிக்கத்தான் செய்கிறது. அதற்கு பாஸ்கலிடம் பதில் இல்லை.

மார்ச் 13, வெள்ளி

விடியுமுன் எழுந்து அவர் கட்டிலில் உட்கார்ந்தேன். ஆரம்பித்தார். நானும் கூடச் சொன்னேன், பெரிதாக எதையும் உணராமல்தான். இரண்டு வரி சேர்ந்தே போனோம். மூன்றாவதில் ஒரு சொல்லை மாற்றிச் சொல்லிவிட்டேன்.

அப்பா நிறுத்தினார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். சின்ன வயதில் தப்பாகச் சொன்னால் செய்வதுபோலவே, இடக்கையால் மெத்தையை இரண்டு தட்டு தட்டினார். பிறகு எனக்காகக் காத்திருந்து, மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்.