கடுக்காயும் துருப்பிடித்த ஆணியும்: வீட்டிலேயே துணி அச்சு, இதுவரை

கடையில் விற்கிற ஃபேப்ரிக் பெயிண்ட்டில்தான் ஆரம்பித்தேன். இப்போது அதை ஓரங்கட்டிவிட்டு கடுக்காயும் துருப்பிடித்த ஆணியும் வைத்துக் கறுப்பு அச்சு போடுகிற இடத்துக்கு வந்திருக்கிறேன். அச்சு போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் என்ன பெயிண்ட், எந்தக் கட்டை என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்த இரண்டும் அப்புறம். துணியைக் கழுவுவதிலும், துணிக்கு அடியில் என்ன விரிக்கிறோம் என்பதிலுமே முக்கால்வாசி வேலை முடிந்துவிடுகிறது.

துணிக்கு நான் எடுப்பது காடா, அதாவது தறியிலிருந்து வந்தபடியே இருக்கிற வெளுக்காத பருத்தித் துணி. சேலத்தில் அம்மாபேட்டை, குகைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெருவில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போடுவது தெரிந்த விஷயம்தான், நெசவுக்கு அது இல்லாமல் ஆகாது, ஆனால் அச்சுக்கு அந்தக் கஞ்சிதான் எதிரி. சாயம் நூலுக்குள் இறங்காமல் கஞ்சி மேலேயே உட்கார்ந்து, முதல் சலவையில் கஞ்சியோடு சேர்ந்து போய்விடும். சலவை சோடா போட்டு அரை மணி நேரம் கொதிக்கவைத்து, நன்றாக அலசிக் காயப்போடுகிறேன். காய்ந்த துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே உறிஞ்ச வேண்டும், முத்து மாதிரி நின்றால் திரும்பவும் கொதிக்கவைக்க வேண்டியதுதான்.

அடியில் விரிக்க, பழைய கம்பளியை நாலாக மடித்து மேலே ஒரு கிழிந்த வேட்டி. வெறும் மேசையில் வைத்து அழுத்தினால் கட்டையின் ஓரம் மட்டும் விழும், நடு வெள்ளையாக நிற்கும்.

அச்சுக்கு வெண்டைக்காய், உருளைக்கிழங்கு எல்லாம் குழந்தைகளோடு ஒரு சாயங்காலம் போக்க நல்லது, அவ்வளவுதான். அதிகம் உழைத்தது தேய்ந்த ரப்பர் செருப்பின் அடிப்பாகம். பிளேடால் வெட்டி ஒரு மரத்துண்டில் ஒட்டினால் போதும், மரக்கட்டையைவிட சாயத்தைச் சீராக வாங்கிக் கொடுக்கிறது. மெல்லிய கோடு மட்டும் அதில் வராது, அதற்கு மரக்கட்டைதான். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக் மரத்தின் இலை இன்னொரு ஆச்சரியம். கீழே உதிர்ந்து கிடப்பதே போதும், பறிக்க வேண்டாம். நரம்பு புடைத்த அடிப்பக்கத்தில் பெயிண்ட் தடவி, துணியில் கவிழ்த்து, மேலே காகிதம் வைத்துத் தேய்த்தால் எந்தக் கட்டையும் தராத வேலைப்பாடு கிடைக்கிறது.

பெயிண்ட்டில் எனக்குப் பிடிக்காதது அதன் விறைப்பு. அச்சு விழுந்த இடத்தைத் தொட்டால் பிளாஸ்டிக் ஒட்டியது போல இருக்கிறது. சேலத்து ஏப்ரல் வெயிலில் கட்டையின் குழிகளுக்குள்ளேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும், பல் துலக்கும் பிரஷ்ஷோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு நாள் காயவிட்டுத் துணியின் பின்பக்கம் இஸ்திரி போட்டால் சாயம் நிற்கிறது, அதைக் குறை சொல்ல முடியாது.

சரி, கறுப்புக்கு வருவோம். கலம்காரியிலும் ராஜஸ்தானத்து பக்ரு அச்சிலும் கறுப்பு வருகிற வழி இதுதான்: கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சந்தித்தால் கறுப்பு. பழைய காலத்து எழுதும் மைக்கும் இதே வேதியியல்தான். சாயம் மேலே பூசப்படுவதில்லை, நூலுக்குள்ளேயே உண்டாகிறது, அதனால் துணி துணியாகவே இருக்கிறது.

முதலில் இரும்புத் தண்ணீர்: பத்து லிட்டர் தண்ணீர், ஒரு கிலோ வெல்லம், ஒரு கிலோ பழைய இரும்பு என்பது கணக்கு. வீட்டுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு தாராளம். ஆணி, லாடம், உடைந்த தாழ்ப்பாள், எது கிடைத்தாலும் போடலாம், ஆனால் துருப்பிடிக்கிற இரும்பாக இருக்க வேண்டும். உருக்காலை ஊர் என்ற பெருமையில் எவர்சில்வர் துண்டைப் போட்டால் ஒன்றும் நடக்காது. மூடியை இறுக்கக் கூடாது, உள்ளே நுரைத்துக் காற்று சேரும். இரண்டு மூன்று வாரம் புளிக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா மொட்டை மாடிக்கு வந்து மோந்து பார்த்துவிட்டு, "என்ன கண்ணு, வெல்லத்த ஊறப்போட்டு ஏதோ காய்ச்சற மாதிரி இருக்குதே, போலீசு வரப்போகுது" என்றார். அவர் கவலையில் நியாயம் இருந்தது, வாசனை அப்படி.

கடுக்காய் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் வாங்கினேன். சுக்குக்குப் புறணி நஞ்சு, கடுக்காய்க்கு அகணி நஞ்சு என்பார்களே, மருந்துக்குப் போலவே இங்கேயும் கொட்டையைத் தள்ளிவிட்டுச் சதையை மட்டும் இடித்துக்கொள்கிறேன். காய்ந்த துணி ஒரு கிலோவுக்கு 150 முதல் 200 கிராம் பொடி. தண்ணீரில் கரைத்து, துணியை ஊறவைத்து, அலசாமல் பிழிந்து வெயிலில் விரித்தால் மங்கலான மஞ்சள் ஏறும். வெயிலைப் பார்த்த பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அச்சை அந்தப் பக்கத்தில் போடுங்கள்.

வடிகட்டிய இரும்புத் தண்ணீரை அப்படியே தொட்டு வைத்தால் பரவிவிடும், குழம்பாக்க வேண்டும். நம்ம ஊரில் மரவள்ளி மாவுக்கா பஞ்சம் என்று அதைக் காய்ச்சிக் கலந்தேன், அன்றைக்கு நன்றாக இருந்தது, புளிப்பில் மறுநாள் நீர்த்துவிட்டது. பக்ருவில் சேர்ப்பது புளியங்கொட்டைப் பொடி. அதைக் காய்ச்சிச் சேர்த்த பிறகு கோடு கோடாக நிற்கிறது. ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரியில் கடுக்காயோடு எருமைப்பாலும் சேர்ப்பார்கள், பாலின் கொழுப்பு மை பரவாமல் பிடித்துக்கொள்ளும். எனக்கு எருமைப்பால் கிடைத்த ஒரு தடவை வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது, ஆனால் பால் வாடை போக நிறைய அலச வேண்டும்.

கட்டையை எடுத்ததும் மஞ்சள் துணியில் பழுப்பாக விழுவது பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்துப் போகும். இதுக்காகவே எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம் போல இருக்கிறது. இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டு, ஏராளமான தண்ணீரில், மடித்து ஊறவைக்காமல் விரித்துப் பிடித்து அலசுகிறேன். மடித்தால் கழன்று வருகிற கறுப்பு, அச்சு இல்லாத பகுதியில் ஏறிவிடும்.

இரண்டு குறை உண்டு. இரும்பைக் கெட்டியாகப் போட்டால் நாளடைவில் பருத்தி நூலையே இற்றுப்போகச் செய்யும், பழைய துணிகளில் கறுப்புக் கோடு இருந்த இடம் மட்டும் ஓட்டையாகிக் கிடப்பது அதனால்தான். அதனால் கறுப்பைக் கோட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன், பெரிய பரப்பை நிரப்புவதில்லை. இன்னொன்று, எலுமிச்சைச் சாறு பட்டால் வெளுக்கும். கையில் ஏறிய கறையைப் போக்க அது வசதி, ஆனால் சாப்பாட்டு மேசை விரிப்புக்கு இந்த அச்சு வேண்டாம். தலையணை உறை, துண்டு, சட்டைத் துணி என்றால் தாராளமாகப் போடலாம்.

அடுத்து சிவப்பு. இரும்புக்குப் பதில் படிகாரக் குழம்பை அச்சிட்டு, மஞ்சிட்டி வேரோடு கொதிக்கவைக்க வேண்டும். படிகாரம் துணியில் கண்ணுக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் காவி கலப்பார்கள், அதற்கும் வாங்கி வைத்தாகிவிட்டது. மஞ்சிட்டிக்குச் சுண்ணாம்பு கலந்த தண்ணீர் பிடிக்கும் என்பதால் குழாயில் வருகிற மேட்டூர் தண்ணீரிலும் எங்கள் போர் தண்ணீரிலும் தனித்தனியாகக் கொதிக்கவைத்துப் பார்க்கப் போகிறேன்.